பிடி விட்டுப்போன கிளாம்ப்

சிகாகோவில் 113 ஆண்டுகள் நடந்த தொழிற்சாலை 2016-ல் கதவடைத்தது. அமெரிக்கத் தச்சர்களின் வருத்தத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது.

தச்சுப் பட்டறையில் உளிக்குப் பெருமை உண்டு. இழைப்புளிக்கு அழகு உண்டு. கிளாம்புக்கு இரண்டும் கிடையாது. பசை தடவிய இரண்டு மரத்துண்டுகளை அது காயும்வரை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. முடிந்ததும் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். செய்து முடித்த நாற்காலியில் அதன் தடம்கூடத் தெரியக்கூடாது.

அப்படிப்பட்ட ஒரு கருவியைச் செய்த கம்பெனி மூடப்படுகிறது என்ற செய்தி 2016-ல் வந்தபோது அமெரிக்காவின் பட்டறைகளில் ஏற்பட்ட வருத்தம் சாதாரணமானதல்ல. தொழில்முறைத் தச்சர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் கொட்டகையில் மரம் இழைப்பவர்கள், பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர்கள் என்று எல்லோருக்கும் அது நெருங்கிய உறவில் நடந்த துக்கம்போல இருந்தது. பலர் செய்த முதல் காரியம், கடைக்கு ஓடி மிச்சமிருந்ததை வாங்கியது.

கம்பெனியின் பெயர் அட்ஜஸ்டபிள் கிளாம்ப் கம்பெனி. அந்தப் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அதன் இரண்டு பிராண்டுகளைத் தெரியாத தச்சர் அமெரிக்காவில் இல்லை என்றே சொல்லலாம். ஒன்று ஜார்கன்சன். மற்றது போனி.

இடமரை, வலமரை

கம்பெனி 1903-ல் சிகாகோவில் தொடங்கியது. அன்றைய சிகாகோ மரச்சாமான்களுக்கும் பியானோக்களுக்கும் பேர்போன நகரம். பக்கத்து மாநிலமான மிச்சிகனில் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் மேஜை நாற்காலிகளாலேயே வாழ்ந்தது. இவ்வளவு மரம் ஒட்டப்படும் இடத்தில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் கருவிக்குத் தேவை இருக்கத்தானே செய்யும்?

அதற்கு முன்பும் கிளாம்புகள் இருந்தன. இரண்டு மரத்தாடைகள், அவற்றை இணைக்கும் இரண்டு மரத்திருகுகள். தாடைகள் ஒன்றுக்கொன்று இணையாக நின்றால்தான் பிடிக்கும். சாய்வான துண்டு, ஒரு பக்கம் மெலிந்த நாற்காலிக் கால் என்று வந்துவிட்டால் திண்டாட்டம். மரத்திருகின் மரைகளும் நாளடைவில் உடைந்து போகும்.

ஜார்கன்சன் கிளாம்ப் இந்த இரண்டு சங்கடங்களையும் தீர்த்தது. மரத்திருகின் இடத்துக்கு எஃகுத் திருகு வந்தது. ஒவ்வொரு திருகிலும் ஒரு பாதி வலமரை, மறுபாதி இடமரை. ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு தாடைகளும் ஒரே நேரத்தில் நெருங்கும் அல்லது விலகும். திருகு நேராக மரத்துக்குள் ஏறுவதில்லை. தாடைக்குள் சுழலக்கூடிய உருளை நட்டு ஒன்றின் வழியாகப் போகிறது. அதனால் தாடைகளை எந்தக் கோணத்திலும் சாய்த்து இறுக்கலாம்.

தாடைகள் கெட்டியான மேப்பிள் மரம். இரும்பு கடித்தால் பலகையில் பள்ளம் விழும். மரம் மரத்தைக் காயப்படுத்துவதில்லை. 8 அங்குலத் தாடை நாலரை அங்குலம் திறக்கும். 10 அங்குலத் தாடை 6 அங்குலம் திறக்கும். இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு சைக்கிள் பெடல்போலச் சுழற்றினால் தாடைகள் சட்டென்று விரியும், மூடும். அமெரிக்கப் பள்ளிகளில் மரவேலை வகுப்புக்குப் போன பிள்ளைகள் முதல் நாளே கற்றுக்கொண்ட வித்தை இது.

இந்த அமைப்பில் பிற்பாடு யாரும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. தாத்தா வாங்கிய ஜார்கன்சனையும் பேரன் வாங்கிய ஜார்கன்சனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேப்பிளின் நிறம்தான் வித்தியாசம் காட்டும். ஒன்று பழுப்பேறி எண்ணெய் ஊறியிருக்கும். மற்றது வெளுத்திருக்கும்.

குழாய்க்கடைக்காரரின் உதவி

போனியின் கதை வேறு. இது ஏழைத் தச்சரின் கிளாம்ப். சாப்பாட்டு மேஜையின் பலகைகளை ஒட்டுவதற்கு மூன்று, நான்கு அடி நீளமுள்ள கிளாம்ப் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு எஃகுச் சட்டம் வைத்த கிளாம்ப் விலை அதிகம். போனி கம்பெனி சட்டத்தை விற்கவேயில்லை. இரண்டு வார்ப்பிரும்புத் துண்டுகளை மட்டும் ஆரஞ்சு நிறம் பூசி விற்றது. முக்கால் அங்குலக் குழாய்க்கு ஒன்று, அரை அங்குலக் குழாய்க்கு இன்னொன்று.

மீதியைத் தச்சர் குழாய்க்கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போடும் அதே இரும்புக் குழாய். ஒரு முனையில் மரை வெட்டித் தலைப்பகுதியைத் திருகிவிட்டால், வால்பகுதி குழாயில் எங்கு வேண்டுமானாலும் நகரும். அதன் உள்ளே சில எஃகு வில்லைகள். அழுத்தம் வந்ததும் அவை சாய்ந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். நீளம் போதவில்லையா? இணைப்பான் ஒன்றைப் போட்டு இன்னொரு குழாயைச் சேர்த்துவிடலாம்.

இதில் தச்சர்கள் அனுபவத்தில் கற்ற நுணுக்கங்களும் உண்டு. துத்தநாகம் பூசிய குழாயைவிட கறுப்பு இரும்புக் குழாயில் பிடி நன்றாக இருக்கும். ஆனால் ஈரப் பசையும் கறுப்பு இரும்பும் ஓக் மரத்தில் ஒன்றுசேர்ந்தால் நீலக்கறுப்புக் கறை விழும். மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு வினைபுரிவதுதான் காரணம். குழாய்க்கும் பலகைக்கும் நடுவே ஒரு மெழுகுத்தாள் வைத்தால் தீர்ந்தது. இப்படிப்பட்ட சின்னச் சின்ன அறிவெல்லாம் ஆரஞ்சு வர்ண இரும்போடு சேர்ந்தே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போயிருக்கிறது.

எத்தனை இருந்தாலும் போதாது

கிளாம்ப் எத்தனை இருந்தாலும் போதாது என்பது அமெரிக்கத் தச்சர்கள் ஓயாமல் சொல்லும் வாக்கியம். இது வேடிக்கைப் பேச்சு அல்ல. கணக்கு இருக்கிறது.

இன்றைய வெள்ளைப் பசைகளும் மஞ்சள் பசைகளும் மரத்துளைகளுக்குள் இறங்கிப் பிடிப்பவை. நடுவில் இடைவெளி இருந்தால் அவற்றுக்குப் பலம் இல்லை. கடின மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 175 முதல் 250 பவுண்டு அழுத்தம் வேண்டும் என்று பசைத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஒரு அங்குலக் கனமுள்ள இரண்டு பலகைகளை இரண்டடி நீளத்துக்கு ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒட்டும் பரப்பு 24 சதுர அங்குலம். குறைந்தபட்சக் கணக்கில்கூட 4,200 பவுண்டு, அதாவது சுமார் 1,900 கிலோ அழுத்தம் தேவை. ஒரு மூட்டுக்கே நாலைந்து நல்ல கிளாம்புகள் வேண்டியிருக்கும். ஒரு அலமாரியில் எத்தனை மூட்டுகள்?

பசை பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை அழுத்தத்தில் இருக்க வேண்டும். முழுப் பலம் வர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் கிளாம்ப் நழுவினால், வளைந்தால், மரை இற்றுப்போனால் அதற்கு முன்னால் செய்த ஒரு வார வேலை வீண். பசை பாதி காய்ந்த மூட்டைப் பிரித்து மறுபடி ஒட்டுவது தச்சருக்குக் கெட்ட கனவு. எனவேதான் கிளாம்பை அவர்கள் விலையை வைத்து எடைபோடுவதில்லை, நம்பிக்கையை வைத்து எடைபோடுகிறார்கள். அந்த நம்பிக்கைதான் 2016-ல் ஆட்டம் கண்டது.

நீடித்து உழைத்ததே குற்றமா?

மூடல் செய்திக்குத் தச்சர்களிடம் ஒரே மாதிரியான எதிர்வினை இல்லை. ஒரு சாரார் சீனாவிலிருந்து வந்து குவியும் மலிவுச் சரக்கைச் சபித்தார்கள். அதே அளவு கிளாம்பைத் தள்ளுபடிக் கடைகள் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்கும்போது யாரால் போட்டிபோட முடியும் என்று கேட்டார்கள். இன்னொரு சாரார் கம்பெனியையே குறை சொன்னார்கள். அதன் சரக்கில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளிநாட்டில் தயாராகி வந்ததைச் சுட்டிக்காட்டி, பெயருக்கு மட்டும் கூடுதல் விலை எதற்கு என்றார்கள். போட்டி புதிய வகைகளைக் கொண்டுவந்தபோது கம்பெனி பழையதையே பிடித்துக்கொண்டிருந்தது என்பதும் ஒரு புகார்.

போட்டி உண்மையானதுதான். ஜெர்மனியில் 1889-ல் தொடங்கிய பெஸ்ஸி நிறுவனம் தாடைகள் துல்லியமாக இணையாக நிற்கும் கிளாம்புகளால் அலமாரித் தச்சர்களைக் கவர்ந்தது. ஒரே கையால் துப்பாக்கி விசையை அழுத்துவதுபோல் அழுத்தி இறுக்கும் குயிக் கிரிப் வகை, பொறுமையில்லாதவர்களைக் கவர்ந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் மரவேலை வகுப்புகள் குறைந்துகொண்டே வந்தன. 2008-ல் வீட்டுச் சந்தை சரிந்தபோது தச்சுவேலையும் சேர்ந்து படுத்தது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. மௌனமாக அதை ஒப்புக்கொண்டவர்கள் மூன்றாவது சாரார். தங்கள் சுவரைப் பார்த்தார்கள். அங்கே தொங்கிய ஜார்கன்சன்களில் பாதி அப்பா வைத்துவிட்டுப் போனவை. மீதி பழைய சாமான் விற்பனையில் சில டாலருக்கு வாங்கியவை. அந்தக் கம்பெனியின் புதிய கிளாம்ப் ஒன்றைக் கடைசியாக எப்போது வாங்கினோம் என்று யோசித்தால் பலருக்குப் பதில் வரவில்லை.

உடையாத சரக்கைச் செய்கிறவர் தன் வாடிக்கையாளரைத் தானே இழக்கிறார். பிளேடு தேயும், மணல்தாள் தேயும், பசை தீரும். ஜார்கன்சன் தேயவில்லை. 1950-ல் விற்ற ஒவ்வொரு கிளாம்பும் 2016-ல் விற்கவேண்டிய ஒன்றுக்குப் போட்டியாக எங்கோ ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சீனச் சரக்கைவிடக் கடுமையான போட்டி, அந்தக் கம்பெனி தானே செய்துவைத்த பழைய சரக்கு.

ஒரே ஆண்டு, இரண்டு மூடல்கள்

இந்தியர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. அதே 2016-ன் ஜனவரியில்தான் ஹெச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடும் முடிவு 2014-ல் வெளியானபோதே கடைகளில் கூட்டம் அலைமோதியது. பல ஆண்டுகள் திரும்பிப் பார்க்காதவர்களெல்லாம் ஜனதா வேண்டும், பைலட் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். சாவி கொடுத்தால் ஓடிக்கொண்டேயிருக்கும் கடிகாரத்தை அப்பா கட்டியிருந்ததால் பிள்ளைக்குப் புதிது தேவைப்படவில்லை. சிகாகோவில் நடந்ததும் பெங்களூரில் நடந்ததும் ஒரே கதையின் இரண்டு பிரதிகள். வித்தியாசம், இங்கே நஷ்டத்தை அரசாங்கம் சுமந்தது.

சிகாகோவுக்கும் இது முதல் சாவு அல்ல. அமெரிக்க எஃகுக் கம்பெனியின் சவுத் ஒர்க்ஸ் ஆலை 1992-ல் மூடப்பட்டது. நகரத்தின் செல்லப்பிள்ளையான ஷ்வின் சைக்கிள் கம்பெனி அதே ஆண்டில் திவாலானது. பிராக்ஸ் மிட்டாய்த் தொழிற்சாலை 2003-ல் போனது. நகரின் மேற்குப் பகுதியில் ஆர்மர் தெருவில் இயங்கிவந்த கிளாம்ப் கம்பெனி இந்த வரிசையில் அளவில் சிறியது. ஆனால் எஃகு ஆலை மூடியபோது தச்சர் தன் பட்டறையில் எதையும் இழக்கவில்லை. இப்போது இழந்தார்.

கைக்கருவி உலகில் இன்னொரு முன்னுதாரணமும் இருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் டிவிட் என்ற சிறிய ஊர் வைஸ் கிரிப் என்ற பூட்டுக் குறடால் வாழ்ந்தது. வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர் உருவாக்கிய கருவி அது. 2008-ல் தொழிற்சாலை மூடப்பட்டு உற்பத்தி சீனாவுக்குப் போனது. குறட்டின் பெயர் மாறவில்லை. ஊரின் நிலைமை மாறியது. 2016-ல் தச்சர்கள் பயந்தது இதைத்தான்: கம்பெனி போய்விடும், பெயர் மட்டும் எங்கிருந்தோ திரும்பி வரும்.

பெயர் திரும்பி வந்தது

பயந்தபடியேதான் நடந்தது. போனி, ஜார்கன்சன் ஆகிய இரண்டு பெயர்களும் சீனாவின் ஹாங்ஜோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் ஸ்டார் என்ற பெரிய கைக்கருவி நிறுவனத்தின் கைக்குப் போயின. ஆரஞ்சு நிறம் அப்படியே இருக்கிறது. மேப்பிள் தாடைகளோடு கூடிய கிளாம்புகளும் ஜார்கன்சன் பெயரில் மறுபடி கடைக்கு வந்தன. வந்தது சிகாகோவிலிருந்து அல்ல.

இதைத் துரோகம் என்றவர்கள் இருக்கிறார்கள். வாங்கிப் பார்த்துவிட்டு, மோசமில்லை என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது கட்சியினரைக் குறைத்து மதிப்பிட முடியாது. மரைக்கும் எஃகுக்கும் தேசம் தெரியாது. நல்ல எஃகைச் சரியாகக் கடைந்தால் அது எந்த ஊரிலும் பிடிக்கும். கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. சிகாகோ கம்பெனி தன் பெயருக்கு நூறு ஆண்டுகள் பதில் சொல்லியது. மரை இற்றுப்போனால் யாரிடம் கேட்பது, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தது. பெயரை வாங்கியவர் அந்தப் பொறுப்பையும் வாங்கினாரா என்பது ஒரு தலைமுறை கழித்துத்தான் தெரியும். கிளாம்புக்குச் சான்றிதழ் கொடுக்க அவ்வளவு காலம் ஆகும்.

இதற்கிடையில் பழைய ஜார்கன்சன்களுக்கு மவுசு கூடியது. இறந்துபோன தச்சர்களின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வரும்போது முதலில் கை வைக்கப்படும் இடங்களில் கிளாம்ப் மாட்டிய சுவரும் ஒன்று. வாங்கியவர் துரு தேய்த்து, மரையில் மெழுகு பூசி, மேப்பிளுக்கு எண்ணெய் விட்டால் இன்னொரு ஐம்பது ஆண்டுக்குத் தயார். தாடை உடைந்திருந்தால்கூட புதிதாக மரம் அறுத்து, துளையிட்டு, பழைய திருகையே மாட்டிக்கொள்கிறார்கள். தச்சர் தானே ரிப்பேர் செய்துகொள்ளக்கூடிய கருவி என்பது இதன் இன்னொரு பலம்.

ஜலந்தருக்கு என்ன சம்பந்தம்?

இந்தியத் தச்சருக்குக் கிளாம்ப் தாமதமாக வந்த விருந்தாளி. தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டே வேலை செய்தவர் அவர். துளையும் நாக்குமாக மூட்டை இறுக்கமாகச் செய்து, ஆப்பு அடித்து, கயிறு கட்டி முறுக்கி, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தால் ஒட்டினார். 1959-ல் ஃபெவிகால் வந்து வச்சிரத்தின் இடத்தைப் பிடித்தது. பிளைவுட் வந்தது. பசையை நம்பி வேலை செய்யத் தொடங்கியதும் அழுத்திப் பிடிக்கும் கருவியும் அவசியமானது. ஜி கிளாம்ப், நீளச் சட்டக் கிளாம்ப் ஆகியவை பட்டறைக்குள் வந்தன. வட இந்தியத் தச்சர்கள் இவற்றை ஷிகஞ்சா என்கிறார்கள்.

இவற்றை இங்கே செய்துகொடுப்பதில் முன்னணியில் இருப்பது பஞ்சாப். ஜலந்தரிலும் லூதியானாவிலும் ஸ்பானர், குறடு, கிளாம்ப், வைஸ் என்று அடித்துக் கடையும் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. கைக்கருவிகளுக்கென்றே மத்திய அரசின் கழகம் ஒன்று ஜலந்தரில் இயங்குகிறது. அங்கே தயாராவதில் பெரும்பங்கு கப்பலேறுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அவை பெரும்பாலும் வேறு யாருடைய பெயரையோ தாங்கிக் கடையில் தொங்குகின்றன. வெளிநாட்டு வியாபாரி வரைபடம் அனுப்புவார், அச்சடிக்க வேண்டிய பெயரையும் அனுப்புவார். அடுத்த ஆண்டு இன்னும் மலிவாகச் செய்துதர வேறொரு நாடு கிடைத்தால் வரைபடம் அங்கே போய்விடும்.

சிகாகோவின் கதையை ஜலந்தர் இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும். அங்கே தொழிற்சாலை போனபிறகும் பெயருக்கு விலை கிடைத்தது. காரணம், 113 ஆண்டுகளாக அந்தப் பெயர் பட்டறைச் சுவர்களில் தொங்கி வேலை செய்திருந்தது. இங்கே தொழிற்சாலை இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது, தச்சர் நினைவில் வைத்துக்கொள்ளும் பெயர்தான் அரிதாக இருக்கிறது. ஒரு பஞ்சாப் பட்டறை நாளை மூடினால் துக்கப்பட அமெரிக்காவில் ஆள் இருக்கமாட்டார். அதன் சரக்கைப் பயன்படுத்துகிற தச்சருக்கே அது எங்கே செய்யப்பட்டது என்று தெரியாது.

தச்சர்களுக்கும் ஒரு பாடம் மிஞ்சியிருக்கிறது, ஆனால் அது வசதியான பாடம் அல்ல. நல்ல கருவி செய்கிறவர் நிலைக்க வேண்டுமென்றால், தேவை ஏற்படும்போது பழைய சாமான் கடையைத் தாண்டி அவரிடமும் ஒருமுறை போக வேண்டும். தாத்தாவின் கிளாம்பைப் பாராட்டுவதால் தொழிற்சாலையில் யாருக்கும் சம்பளம் போடமுடியாது. 2016-ல் மிச்சச் சரக்கை வாங்க ஓடியவர்களில் பத்தில் ஒருவர் பத்து ஆண்டு முன்னால் ஓடியிருந்தால் கதை மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றுதான் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மலிவு விலையின் பலம் அப்படி. ஆனாலும் அந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளாத தச்சர்கள் குறைவு.